இச்சைக்கும் கிரியைக்கும் நடுவே

போடிநாயக்கனூரில் ‘ஏலம்’ என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன. ஒன்று, மேற்கே தெரியும் மலையில் விளையும் காய். மற்றொன்று, அந்தக் காயை விலை பேசும் முறை. முன்னது மலைச்சரிவின் சொல். பின்னது போர்த்துக்கீசியரின் ‘லெயிலாவ்’ தமிழ் நாக்கில் தேய்ந்து வந்த சொல். ஸ்பைசஸ் போர்டின் ஏல மையத்தில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தோட்டக்காரர்கள் கொண்டுவந்த சரக்கு லாட் லாட்டாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் எடுத்த மாதிரி, சிறு பொட்டலமாக வியாபாரியின் கைக்கு முதலிலேயே வந்துவிடுகிறது. அவர் அதைப் பிரித்துக் கொட்டுகிறார். பச்சை எவ்வளவு நின்றிருக்கிறது, காய் எட்டு மில்லிமீட்டருக்கு மேலா கீழா, வெடித்த காய் எத்தனை, உள்ளே அரிசி கறுத்துத் திரண்டிருக்கிறதா என்று பார்க்கிறார். ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான் திரையில் லாட் எண் வர, விலை ஏறத் தொடங்குகிறது. வாய்விட்டுக் கூவி நடந்துவந்த இந்த ஏலம் 2007-இல் மின்னணு முறைக்கு மாறியது. 2021-இல், போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் இருக்கும் வியாபாரிகள் ஒரே நேரத்தில் கலந்துகொள்ளும்படி இணையவழிக்கு வந்தது. ஒரு லாட்டுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. விரல் தயங்கினால் சரக்கு அடுத்தவருக்குப் போய்விடும். அந்த அவசரம் மெய்யானது. ஆனால், பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்தவரிடம்தான் ‘இப்போது சொல்’ என்று திரை கேட்கிறது.

முதலில் பார்ப்பது, பிறகு சொல்வது என்ற இந்த வரிசை முக்கியமானது. இணையக் கடைகளில் குலைவதும் இதுதான். தேனியிலிருந்து கூடலூர் வரை இன்று வியாபாரம் செய்கிற பலருக்குச் சொந்தமாக இணையதளம் உண்டு. ஏலக்காய்ப் பொட்டலம், கம்பம் பன்னீர் திராட்சை, மேகமலை அடிவாரத்து விடுதி அறை, குச்சனூர்ச் சனீஸ்வரருக்குப் பரிகார ஏற்பாடு என எல்லாம் கைப்பேசியில் விற்கிறது. அந்தத் தளங்களை வடிவமைத்துத் தருபவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்லப்படுவது ஒன்றுதான்: வந்தவர் சும்மா பார்த்துவிட்டுப் போகக் கூடாது, வாங்க வேண்டும், பதிய வேண்டும், குறைந்தது தன் எண்ணையாவது தந்துவிட்டுப் போக வேண்டும். பொத்தானின் நிறம், எழுத்தின் அளவு, எந்தச் சொல் எங்கே வர வேண்டும் என்ற எல்லாக் கணக்கும் அந்த ஒரு தட்டலுக்காகத்தான். இதைத் தொழில்நுட்பம் சார்ந்த சங்கதி என்று ஒதுக்கிவிடுவது எளிது. உண்மையில் இது ஓர் அறக்கேள்வி, அதுவும் பழைய கேள்வி: இன்னொருவரைச் செயல்பட வைக்க எனக்கு எதுவரை உரிமை இருக்கிறது? பொய் சொல்லி விற்பது தவறு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒரு பொய்யும் சொல்லாமல், ஆனால் யோசிக்க இடம் தராமல் ஒருவர் கையை நகர்த்துவது சரியா என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை தேட நம்மிடமே ஒரு நல்ல கருவி இருக்கிறது. உயிருக்கு மூன்று ஆற்றல்கள் உண்டு என்கிறது சைவ சித்தாந்தம்: இச்சை, ஞானம், கிரியை. விழைவது, அறிவது, செய்வது. மூன்றும் சேர்ந்து இயங்கும்போதுதான் ஒரு செயல் அந்த உயிரின் செயலாகிறது. அதே மரபு இன்னொன்றையும் சொல்கிறது. கண் காண்பதற்கு உயிர் உடனிருந்து உதவுவதுபோல, உயிர் அறிவதற்கு இறைவன் உடனிருந்து உதவுகிறான் என்பது 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் பதினோராம் நூற்பா தரும் உவமை. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று உரைகாரர்கள் இதை விரித்தார்கள். எல்லாம் வல்லவன் என்று நம்பப்படுகிறவனே உயிரின் அறிவைத் தாண்டிக் குதித்து அதன் கையைப் பிடித்து இழுப்பதாக அந்தச் சிந்தனை சொல்லவில்லை. அவன் காட்டுகிறான். இதை அளவுகோலாக வைத்துப் பார்த்தால், தூண்டும் தளங்களில் எது தகும், எது தகாது என்று பிரிக்க முடிகிறது. விழைவைத் தொட்டு, அறிவைக் கூர்மையாக்கி, அதன் வழியே செயலுக்கு அழைக்கிற தூண்டல் ஒரு வகை. இச்சையிலிருந்து நேரே கிரியைக்குப் பாலம் போட்டு, நடுவில் இருக்கும் ஞானத்தைத் தூங்க வைக்கிற தூண்டல் இன்னொரு வகை. முதலாவது அழைப்பு. இரண்டாவது, எவ்வளவு சிரித்த முகத்தோடு வந்தாலும், களவு. களவு போவது பணமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒருவர் தன் முடிவைத் தானே எடுக்கும் அந்த நொடி களவு போகிறது.

ஒரு பதிவுப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது: பத்து நிமிடம், ஒன்பது நிமிடம் ஐம்பத்தொன்பது விநாடி. பக்கத்தை மூடிவிட்டுத் திறந்தால் மறுபடியும் பத்து நிமிடம். அதன் கீழே ‘இன்னும் இரண்டு அறைகளே’ என்ற சிவப்பு எழுத்து. அதற்கும் கீழே அன்னதானத்துக்கு ஐம்பது ரூபாய் என்ற கட்டத்தில் நாம் தொடுவதற்கு முன்பே விழுந்திருக்கும் குறி. ‘பதிவு செய்’ என்பது கட்டைவிரல் அகலத்துக்குப் பச்சைப் பட்டை. ‘வேண்டாம்’ என்பது சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் தேட வேண்டிய எழுத்து. அதைத் தேடித் தொட்டால், ‘என் குடும்பத்தின் பாதுகாப்பு எனக்கு முக்கியமில்லை’ என்று நம்மையே சொல்ல வைக்கும் வாக்கியம். இவை ஒவ்வொன்றும் அறியும் ஆற்றலைக் குறிவைத்து வைக்கப்பட்டவை. கடிகாரம் யோசிக்கும் நேரத்தைப் பறிக்கிறது, குறியிட்ட கட்டம் கவனத்தைக் கடந்து போகிறது, அந்த வாக்கியம் வெட்கத்தைக் கொண்டு வாயை அடைக்கிறது. ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010-இல் இவற்றுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயரிட்டார். இந்தியாவில் 2020-இன் மின்வணிக விதிகள், முன்கூட்டியே குறியிட்ட கட்டத்தை வாங்குபவரின் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றன. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பதின்மூன்று வகைகளைப் பட்டியலிட்டுத் தடுத்தன. பொய்யான அவசரம், கூடைக்குள் தெரியாமல் பொருளை நுழைப்பது, மறுப்பவரை வெட்கப்பட வைப்பது, எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சட்டம் செய்தது நல்ல வேலை. ஆனால் பட்டியலுக்கு வெளியே பதினான்காவதாக ஒன்றை நாளைக்கே ஒருவர் கண்டுபிடிக்க முடியும். அங்கே சட்டம் வந்து சேரும்வரை அறம் மட்டும்தான் நிற்க வேண்டும்.

முதல் மறுப்பு சந்தைக்குள்ளிருந்து வரும். கூவி விற்பது என்ன புதுசா? பஸ் ஸ்டாண்டில் திராட்சைக் கூடையோடு ஓடி வருபவர் தூண்டவில்லையா? தூண்டுகிறார், அதில் பிழையில்லை. கூவுகிறவர் எதிரே நிற்கிறார், திராட்சை கண்ணில் தெரிகிறது, ஒரு பழத்தைத் தின்று பார்க்கலாம், முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தால் அவர் அடுத்த ஜன்னலுக்குப் போய்விடுவார். கூவலின் சத்தம் எவ்வளவு பெரிதானாலும் ‘வேண்டாம்’ என்பதற்கு ஒரு தலையசைப்பு போதும். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை புகழ்கிறபோதும், கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாத அவர்களுடைய நடுநிலையைத்தான் சொல்கிறது. அவர்கள் விற்காமல் இருந்ததை அல்ல. ஆக, அவசரப்படுத்துவதையோ ஆசை மூட்டுவதையோ குற்றமாக்க வேண்டியதில்லை. அந்த அவசரம் பொருளில் இருக்கிறதா, பக்கத்தில் மட்டும் இருக்கிறதா என்று கேட்டால் போதும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையையே எடுத்துக்கொள்ளலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் திராட்சையின் பெருமையே, பிற ஊர்களைப் போல ஒரு பருவத்தோடு நிற்காமல் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டுக்கு வருவதுதான். அதை விற்கும் பக்கத்தில் ‘சீசன் முடிகிறது, இன்றே வாங்குங்கள்’ என்று போட்டால், அது வாங்குபவரை ஏமாற்றுவதோடு அந்த மண்ணின் பெருமையையும் மறைக்கிறது.

மெய்யான அவசரம் எப்படி இருக்கும் என்பதற்கும் இதே பள்ளத்தாக்கில் சான்று உண்டு. கூடலூருக்கு மேலே, பளியங்குடி வழியாகக் காட்டில் ஏறினால் தமிழக-கேரள எல்லை மலையில் மங்கலதேவி கண்ணகி கோயில். புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் ஆண்டில் சித்திரா பௌர்ணமி அன்று மட்டும்தான் பக்தர்களுக்கு வழி திறக்கும். தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் கூடிப் பேசி ஏற்பாடு செய்கின்றன. ‘இந்த ஒரு நாள் மட்டும்’ என்ற அறிவிப்பைவிடப் பெரிய தூண்டல் இருக்க முடியாது. ஆனாலும் அதில் யாரும் ஏமாற்றப்படவில்லை. அந்த ஒரு நாள் என்பது காட்டின் உண்மை. இதற்கு நேர் மறுபக்கம், போடிக்கு மேலே இருக்கும் குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். மலைக்கு அழைக்கும் எந்தப் பக்கமும் அந்த நாளுக்குப் பிறகு வெறும் அழகான படமாக இருக்க முடியாது. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற இணையப் பதிவைத் தொடங்கியபோது, எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்துக் காட்டியது. தீப்பிடிக்கும் காலத்தில் பாதைகளை மூடியும் விடுகிறது. அழைப்பதற்காகவே உருவான ஒரு தளம் ‘இப்போது வராதீர்கள்’ என்று சொல்கிறது. அப்படிச் சொல்ல முடிகிற இடத்தின் ‘வாருங்கள்’ என்ற சொல்லைத்தான் நம்பலாம்.

சமயத்தின் வாசலில் இந்தச் சோதனை இன்னும் கடுமையாகிறது, ஏனெனில் அங்கே தூண்டப்படுவது பெரும்பாலும் அச்சம். சனிப்பெயர்ச்சி வருகிறதென்றால் இணையத்தில் பரிகாரக் கடைகள் முளைத்துவிடும். உங்கள் ராசியைப் போடுங்கள், இதோ உங்களுக்கு வரப்போகும் துன்பம், இதோ பொத்தான். திருக்கணிதப் பஞ்சாங்கம் 2025 மார்ச் 29-ஐ அந்தப் பெயர்ச்சி நாளாகச் சொன்னது. வாக்கியப் பஞ்சாங்கப்படி அது 2026-இல். அந்த மார்ச்சில் திருநள்ளாறு கோயில் நிர்வாகம், தாங்கள் பின்பற்றுவது வாக்கியம், பெயர்ச்சி விழா அடுத்த ஆண்டுதான் என்று வெளிப்படையாக அறிவித்தது. கூட்டம் வந்தால் எல்லாரையும்விட அதிகம் பெறக்கூடிய இடம் அது. அந்த அறிவிப்பு பக்தரின் அறிவை மதித்தது: எந்தக் கணக்கை நாங்கள் கொள்கிறோம் என்று சொல்லிவிட்டோம், வருவது உங்கள் முடிவு. குச்சனூரில் எள் தீபம் ஏற்ற நிற்பவரின் அச்சத்தைக் கேலி செய்ய யாருக்கும் உரிமையில்லை. அவர் தன் துயரத்தைத் தானே சுமந்து, தானே நடந்து வந்திருக்கிறார். அந்த அச்சத்தை அவர் வீட்டுக்குள் கொண்டுபோய் ஊற்றி, அணையும் முன் பணம் கட்டச் சொல்கிற பக்கத்தோடு அந்த வழிபாட்டை ஒன்றாக எண்ணக் கூடாது. கோயில் உண்டியல் வாய் திறந்துதான் இருக்கிறது. ஆனால் அது யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, போடாமல் போகிறவரை நிறுத்திக் காரணம் கேட்பதுமில்லை.

வளர்ந்தவர்கள்தானே, யாரும் கையைப் பிடித்து அழுத்தவில்லையே என்பது அடுத்த மறுப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த உத்திகளை விற்பவர்களே இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள். பொத்தானின் நிறம் மாறியதால் இத்தனை பேர் கூடுதலாக வாங்கினார்கள் என்று கணக்குக் காட்டித்தான் அவர்கள் தங்கள் வேலைக்குக் கூலி கேட்கிறார்கள். மனிதர்களின் கவனமும் களைப்பும் கூச்சமும் வளையக்கூடியவை என்று நம்பி அவற்றின்மேல் கட்டியவர், பிறகு ‘முழுச் சுதந்திரத்தோடுதானே செய்தார்கள்’ என்று சொல்ல முடியாது. இரவு பதினொரு மணிக்கு, பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும்போது, சின்னத் திரையில் இரண்டாம் மொழியில் படிக்கிற ஒருவருடைய ‘சரி’, பகலில் கடையில் நின்று கையில் எடுத்துப் பார்த்தவருடைய ‘சரி’ ஆகிவிடாது.

வலுவான மறுப்பு வேறு. எந்தப் பக்கமும் நடுநிலையாக இருக்க முடியாது என்பார்கள். ஏதோ ஒரு பொத்தான் மேலேதான் வர வேண்டும், ஏதோ ஒரு நிறம் எடுப்பாகத்தான் தெரியும்; வடிவமைப்பு என்றாலே தூண்டல்தான். இது உண்மை. ஆனால் தூண்டாமல் இருக்க முடியாது என்பதால் எப்படித் தூண்டினாலும் ஒன்றுதான் என்று ஆகாது. சாய்வில்லாத நிலம் கிடையாது என்பதற்காகப் பள்ளத்தை மூடாமல் விட்டுவிடுவதில்லை. நடைமுறையில் இரண்டு கேள்விகள் போதும் என்று எனக்குப் படுகிறது. இந்த உத்தி எதற்காக வைக்கப்பட்டது என்று வாங்குபவருக்கே தெரிந்துவிட்டால், அது அப்போதும் வேலை செய்யுமா? ‘இந்தப் பட்டை பெரிதாக இருப்பது நீங்கள் தேடி அலையக் கூடாது என்பதற்காக’ என்று சொல்லிவிட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். யாரும் கோபப்பட மாட்டார்கள். ‘இந்தக் கடிகாரம் பொய்’ என்று சொல்லிவிட்டு வைத்துக்கொள்ள முடியாது. இரண்டாவது: உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் ஒரே அகலத்தில் இருக்கிறதா? ஒரு தட்டலில் சேர்த்துக்கொண்டு, விலக ஐந்து பக்கமும் ஒரு தொலைபேசி அழைப்பும் வேண்டுமென்றால், அந்த வாசலைக் கட்டியவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியும்.

நல்லதற்காகத் தூண்டலாமே என்று கேட்பவர்களும் உண்டு. தானத்துக்கு, தடுப்பூசிக்கு, படிப்புக்கு, யாத்திரைக்கு. மக்கள் தாமாகச் செய்யாததை மெல்லத் தள்ளிச் செய்ய வைத்தால் அவர்களுக்குத்தானே நன்மை? இந்தக் கேள்வியை வைணவம் வேறு உருவில் நூற்றாண்டுகளாகப் பேசியிருக்கிறது. குட்டி தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று வடகலையார் குரங்கைக் காட்டினார்கள். தாயே கவ்விச் செல்லும் என்று தென்கலையார் பூனையைக் காட்டினார்கள். ‘மெல்லத் தள்ளுகிறோம்’ என்பவர்கள் தங்களைத் தாய்ப்பூனையின் இடத்தில் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த உவமை இறைவனுக்காகச் சொன்னது. குட்டியிடமிருந்து தாய்ப்பூனைக்கு வரவேண்டிய லாபம் ஒன்றுமில்லை. அதைவிட முக்கியம், தென்கலை ஆசாரியர்கள்கூட ‘விலக்காமை’ என்ற ஒன்றைப் பேசினார்கள்: அவன் அருள வரும்போது உயிர் அதை விலக்காமல் இருக்க வேண்டும். விலக்க முடிகிறவரிடம்தான் விலக்காமை என்ற சொல்லுக்கே பொருள் உண்டு. அருளே மறுப்புக்கு இடம் வைத்துக் காத்திருக்கும்போது, ஐம்பது ரூபாய் அன்னதானக் கட்டத்தில் முன்கூட்டியே குறி போட வேண்டிய அவசரம் என்ன? தெரியாமல் போன ஐம்பது ரூபாய் அன்னமாகும். கொடுத்தவரிடம் அது தானமாகாது.

மிகக் கடினமான மறுப்பைக் கடைசியில் வைக்கிறேன், ஏனென்றால் அதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. எல்லாரும் இதைச் செய்யும்போது செய்யாத சிறு வியாபாரி அழிந்துவிடுவார் என்பதே அது. ஏலக்காய் விலை அறிந்தவர்களுக்கு இந்த அச்சத்தின் கனம் தெரியும். 2018 கேரள வெள்ளத்துக்கும் பிந்திய வறட்சிக்கும் பிறகு, 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட சரக்கு இது. அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரத்துக்குக் கீழே போனதும் இதே சரக்குதான். இப்படி ஆடுகிற தொழிலில் ஒரு வாரத்து விற்பனை தவறினாலும் தாங்காதவர்கள் இருக்கிறார்கள். ஏல மையத்தையே முன்மாதிரியாகச் சொல்வதற்கும் எல்லை உண்டு. வாங்கிய சரக்கையே மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள், சாயம் ஏற்றுகிறார்கள் என்ற குறைகள் தோட்டக்காரர்களிடமிருந்து எழுந்தபடிதான் இருக்கின்றன. வெளிப்படையான முறை இருந்தால் வஞ்சம் ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது அங்கே வஞ்சமாகத் தெரிகிறது, அதன்மேல் புகார் கொடுக்க முடிகிறது என்பதுதான் வேறுபாடு. பொய்க் கடிகாரத்திலோ அதுவே வியாபார முறை ஆகிவிடுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் எண்ணிச் செய்வதை வணிகருக்குரிய வாணிகம் என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் முடிவில் வைத்தார். பிறர் பொருள் என்பதில் பிறருடைய நேரத்தையும் கவனத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டிய காலம் இது. நேர்மையாக இருந்தால் லாபம் தானாக வரும் என்று ஆறுதல் சொல்லவும் மனமில்லை. சில நேரம் வராது. அதனால்தான் இதைத் தனி வியாபாரியின் மனச்சாட்சிமேல் மட்டும் ஏற்றக் கூடாது. தராசுக்கு முத்திரை கட்டாயமாக இருப்பதால்தான் சரியான எடை போடுபவர் கள்ளத் தராசுக்காரரிடம் தோற்காமல் இருக்கிறார். 2023-இன் வழிகாட்டுதல்கள் அப்படியொரு முத்திரை ஆகக்கூடும். அதற்கு, தளம் கட்டித் தருபவர்களின் மேசைவரை அவை எட்ட வேண்டும்.

அப்படி எட்டினால், போடியிலிருந்து ஏலக்காய் விற்கும் ஒரு பக்கம் எப்படி இருக்கும்? காய் எத்தனை மில்லிமீட்டர், ஒரு லிட்டர் காயின் எடை எவ்வளவு, எந்த மாதப் பறிப்பு, எந்த அறையில் உலர்ந்தது என்று மேலேயே இருக்கும். படத்தில் தேர்ந்தெடுத்த பத்துக் காய்க்குப் பதிலாக, மூட்டையிலிருந்து அள்ளிய ஒரு கை காய், வெடித்தது ஒன்றிரண்டோடு. சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ அனுப்பும் செலவு கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைக்காமல் விலையின் பக்கத்திலேயே நிற்கும். சரக்கு உண்மையில் தீரப்போகிறதென்றால் எத்தனை கிலோ மிச்சம் என்ற எண் இருக்கும், அது விற்க விற்கக் குறையும். கீழே இரண்டு பொத்தான்கள், ஒரே அளவில். ஒன்றில் ‘வாங்குகிறேன்’. மற்றதில், ஏல மையத்தில் வியாபாரியின் உள்ளங்கையில் கொட்டிக்கொள்ளும் அந்தச் சிறு பொட்டலம்: ‘முதலில் ஐம்பது கிராம் மாதிரி அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.’